கொட்டு கேக்கப் போற மாப்ளைக்கு

மாப்ளே, ஷென்டன் வேயில இருக்கிற சிங்கப்பூர் கான்ஃபரன்ஸ் ஹாலுக்குச் சீன வாத்தியக் கச்சேரி கேக்கப் போறீங்களாமே? பேஷ்! நம்மூர்த் திருவிழாவுல தவில்காரர் உசிரக் குடுத்து வாசிக்கிறப்ப போன்ல பேசிக்கிட்டு நின்னவுக நீங்க. இப்ப சீட்டுக்குக் காசு குடுக்கப் போறீக, காது தன்னால தெறந்துக்கும். பேரனப் பாத்துக்க வந்த கெழவன் சொல்றத கேட்டுட்டுக் கெளம்புங்க.

போன ஒடனே கை தட்டிப்புடாதீங்க, மொதல்ல கேக்குறது சுருதி சேக்குற சத்தந்தான். ஷெங்குன்னு மூங்கில் கொழலு பலத ஒண்ணாக் கட்டுன வாத்தியம் ஒண்ணு இருக்கு. ஊதுனாலும் சத்தம், மூச்ச உள்ள இழுத்தாலும் சத்தம். அத வச்சுத்தான் மத்தவுக சுருதி சேப்பாக. 1971ல நியூயார்க்குல சித்தார் ரவிசங்கர் சுருதி சேத்து முடிச்சதுக்கே சபை கை தட்டிருச்சு. இதுவே இவ்வளவு பிடிச்சுதுன்னா வாசிப்பு இன்னும் பிடிக்கும்னாராம் மனுசன்.

"பாரம்பரிய இசைன்னாங்களே, செல்லோ எப்படி வந்துச்சு?"ன்னு பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட ஞாயம் பேசாதீங்க. இத்தன பேர் வரிசையா ஒக்கார, ஒருத்தர் நடுவுல நின்னு குச்சி வீசுற ஏற்பாடே போன நூற்றாண்டுல வந்ததுதான். அடிச் சுரத்துக்கு ஆளு பத்தலன்னு மேல்நாட்டு செல்லோவச் சேத்துக்கிட்டாக. நம்ம வித்வானுக கையில இருக்கிற வயலின் மட்டும் காவேரிக் கரையிலயா காய்ச்சுது?

எர்ஹுன்னு வில்லு போட்டு வாசிக்கிற வாத்தியம் ஒண்ணு, அதுக்கு ரெண்டே கம்பி. வில்லோட மயிரு அந்த ரெண்டுக்கும் நடுவுல மாட்டியே கெடக்கும். வெரல் அழுத்தக் கீழ பலகை கெடையாது. அந்தரத்துலயே சொரம் புடிக்கணும். மலைப்பாம்புத் தோல் போத்துனது அது. ஹாங்காங் சீன வாத்தியக் குழு மட்டும் 2009லேருந்து பாம்ப விட்டுட்டு பாலியஸ்டருக்கு மாறிருச்சு. வூஷி ஊர்த் தெருவுல இதையும் வாசிச்சு வயித்தக் கழுவுன கண்ணில்லாத ஆபிங்கோட ஆறே உருப்படிய 1950ல பதிவு பண்ணாக. அந்த வருசமே போய்ச் சேந்துட்டாரு. அவரு உருப்படி வந்தா மிட்டாய்க் காகிதத்தக் கசக்காதீங்க.

சுவோனா நம்ம நாதஸ்வரத்துக்குச் சொந்தக்காரன், சீவாளி வச்சு ஊதுறது. வடசீனக் கிராமத்துல கல்யாணத்துக்கும் அதான், எழவுக்கும் அதான்.

இனி கொட்டு. தொடையில தட்டி ஆதி தாளமான்னு தேடாதீங்க, சிக்காது. ஷான்சி மாகாணத்து ஜியாங்ஜோ கொட்டுக்காரங்களுக்கு 'உருளும் வால்நட்'டுன்னு ஒரு உருப்படி. கூரையில காயப் போட்ட கொட்டையெல்லாம் கடகடன்னு உருண்டு விழுகிற சத்தம். விளிம்புலயும் பக்கவாட்டுக் கட்டையிலயுந்தான் குச்சி பெரும்பாலும் ஓடும்; தோலு சும்மா கெடக்கும். "காசு குடுத்து வந்தா கொட்ட அடிக்கவே மாட்டேங்குறானே"ன்னு எந்திரிச்சுக் கேக்க வேணாம். அப்பறம் 'வாத்துச் சண்டை'. சியான் நகரத்து ஆன் ஜிஷுன் அமைச்சது. முக்கியமா தாளத் தட்டுகதான். ஓரத்துல ஒரசி, நடுவுல தட்டி, சத்தத்த அமுக்கி, ரெண்டு வாத்து வாய்க்கு வாய் பேசுற மாதிரியே செஞ்சிருவாக. ஒங்க அடுப்படி ஞாபகம் வந்துச்சுன்னா சிரிச்சுத் தொலைக்காதீங்க. பக்கத்துல எம் மக ஒக்காந்திருப்பா.

கொட்டுக்காரங்க மேடையில கடைசி வரிசையில நிப்பாக. கீழ மொத வரிசையில காசக் கொட்டுனா எர்ஹுக்காரங்க வில்லுகதான் தெரியும். மாடி சீட்டு எடுங்க, அடிக்கிற கையும் தெரியும், வெலையும் கொறைவா இருந்தாலும் இருக்கும். மிஞ்சுற காசுல கெழவனுக்கும் ஒரு சீட்டுப் போடுங்க. இத்தன நேரம் தொண்டத் தண்ணி வத்திருச்சுல்ல.