ஜல கண்டம் தப்பிய ஜெட்

பில் லியர் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். கார் ரேடியோவில் கைவைத்தார், விமானத்துக்கு ஆட்டோபைலட் செய்தார், நன்றாகவே காசு பார்த்தார். ஐம்பதைத் தாண்டிய பணக்காரர் ஈஸிசேரில் சாய வேண்டியதுதானே? லியர் சுவிட்சர்லாந்துக்குப் போனார். அங்கே சொந்த அரசாங்கமே கைகழுவிய ஒரு போர் விமானத்தின் மேல் அவருக்குக் காதல் வந்துவிட்டது.

பி-16 என்று பெயர். ஆல்டென்ரைனில் கட்டினார்கள். மலைநாட்டின் குட்டை ரன்வேக்களில் ஏறி இறங்க வேண்டும் என்பதால் அதன் இறக்கையை அபாரமாகச் செய்திருந்தார் ஹான்ஸ் லூசியஸ் ஸ்டூடர். மற்றபடி ஜாதகத்தில் ஜல கண்டம். 1955-ல் முதல் விமானம் கான்ஸ்டன்ஸ் ஏரிக்குள் போனது. 1958 மார்ச்சில் நூறு விமானங்கள் வாங்க சுவிஸ் நாடாளுமன்றம் தலையாட்டியது. அதே மார்ச்சில் இன்னொன்றும் அதே ஏரிக்குள். இரண்டு தடவையும் பைலட் குதித்துப் பிழைத்தார். ஆர்டர் பிழைக்கவில்லை.

ஏரியில் விழுந்தது இறக்கையின் குற்றமில்லையே என்பது லியர் கட்சி. அந்த இறக்கையை ஆதாரமாக வைத்து, கம்பெனி முதலாளிகள் பறக்க ஒரு குட்டி ஜெட் கட்டினால் என்ன? லியரின் சொந்தக் கம்பெனி டைரக்டர்களே உதட்டைப் பிதுக்கினார்கள். போங்கடா என்று 1962-ல் தன் பங்கை விற்றார். சுவிஸ்காரர்களின் நிதானமும் சரிப்படவில்லை. அதே வருஷம் மூட்டை கட்டிக்கொண்டு கான்சாஸில் உள்ள விச்சிட்டாவுக்கு வந்துசேர்ந்தார்.

எஞ்சின் வந்த கதை இன்னும் ஜோர். எதிரியின் ரேடாரை ஏமாற்ற குண்டுவீச்சு விமானத்திலிருந்து அவிழ்த்துவிடும் பொய் ஏவுகணைக்காக ஜெனரல் எலெக்ட்ரிக் செய்தது ஜே-85. ஒரே தடவை பறந்து உயிரை விடுவதற்காகப் பிறந்த அந்த எஞ்சினின் சிவிலியன் அவதாரத்தை, வாலுக்குப் பக்கத்தில் பக்கத்துக்கு ஒன்றாக மாட்டி, முன்னால் சேர்மன்களை உட்காரவைத்தார் லியர்.

எடை விஷயத்தில் மனிதர் மகா கருமி. 12,500 பவுண்டுக்குள், அதாவது சுமார் 5,670 கிலோவுக்குள் இருந்தால் அன்றைய அமெரிக்க விதிப்படி சின்ன விமானம். தாண்டினால் பெரிய விமானங்களுக்கான தடிப் புத்தகத்தைப் படித்துத் தேற வேண்டியிருந்தது. தாண்டவில்லை. விளைவு, உள்ளே உயரம் நாலேகால் அடி சொச்சம். கோடீஸ்வரர்கள் குனிந்தபடியே போய் உட்கார்ந்தார்கள். நிமிர்ந்து நிற்க முடியவில்லையே என்றவர்களுக்கு, கேடிலாக் காரில் மட்டும் நிற்க முடிகிறதா என்று பதில் தயாராக வைத்திருந்தார்.

1963 அக்டோபர் 7-ம் தேதி முதல் பறப்பு. நன்றாகவே பறந்தது. நல்ல காலம் பிறந்தது என்னவோ எட்டு மாதம் கழித்து, அது விழுந்தபோதுதான்.

இறக்கையின் மேல் ஸ்பாய்லர் என்று தகடுகள் உண்டு. தரை தொட்டதும் அவற்றை நிமிர்த்தினால் தூக்குவிசை செத்து, விமானம் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மறுபடி கிளம்புமுன் மடக்கியாக வேண்டும். 1964 ஜூன் 4-ம் தேதி அரசாங்கத்தின் சோதனை பைலட், ஒரு எஞ்சின் நின்றுபோனால் எப்படி ஏறும் என்று பார்க்கக் கிளம்பினார். தகடுகளை மடக்க மறந்துவிட்டார்கள். விமானம் எழும்பியது, யோசித்தது, வயலில் போய் உட்கார்ந்தது. உள்ளே இருந்தவர்கள் காயமில்லாமல் வெளியே வந்தார்கள்; விமானம் எரிந்துபோனது.

வேறு யாராயிருந்தாலும் தலையில் துண்டு போட்டிருப்பார்கள். ஆனால் தப்பு மனிதர்கள் மேல், விமானத்தின் மேல் இல்லை. கஜானா வற்றிக் கிடந்த நேரத்தில் இன்ஷூரன்ஸ் பணமும் வந்தது. அதைவிட வேடிக்கை, இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 31-ம் தேதி அதே அரசாங்கம் சான்றிதழ் கொடுத்துவிட்டது! பரீட்சை எழுதவந்த மாணவனின் பேனாவை உடைத்த வாத்தியார் பிறகு முழு மார்க் போட்ட மாதிரி.

அக்டோபரில் முதல் டெலிவரி. அடுத்த வருஷம் ஃபிராங்க் சினாட்ரா ஒன்று வாங்கினார். அப்புறம் விளம்பரத்துக்குத் தனியாகச் செலவு எதற்கு? போர் விமானத்துக்குப் பிறந்த அதன் வேகம், விசிறி விமானம் ஓட்டிப் பழகிய பைலட்களுக்குப் பிடிபடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆரம்ப வருஷங்களில் கொஞ்சம் அதிகமாகவே விழுந்தது. அந்த விபத்துகளில் எல்லாரும் பிழைத்து வரவில்லை.

லியருக்கோ இதற்கிடையே எட்டு-டிராக் டேப்பில் பாட்டுக் கேட்கும் கருவி செய்யும் பைத்தியம். 1967-ல் கம்பெனியை கேட்ஸ் ரப்பர்காரர்களிடம் தள்ளிவிட்டு நெவாடா போனார். ஜெட் யுகத்தில் கொடிநாட்டிய அந்த மனிதர், அங்கே உட்கார்ந்து கோடிக்கணக்கில் செலவழித்து நீராவியில் ஓடும் பஸ் செய்தார்.