கொசு வயிற்றில் புழு செரிக்காதா?

கேள்வி: யானைக்கால் நோய்ப் புழு, ரத்தத்தோடு கொசு வயிற்றுக்குள் போகிறதே, கொசு அதைச் செரித்துவிடாதா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: செரிக்கத்தான் பார்க்கும். பல புழுக்கள் அங்கேயே சாகவும் செய்கின்றன. ஆனால் பிழைக்கிற புழு, இலை போடும்வரை காத்திருக்காத விருந்தாளி. கால் மில்லிமீட்டர் உடம்பை வைத்துக்கொண்டு, சில மணி நேரத்தில் குடல் சுவரைத் துளைத்து, கொசு இறக்கையை அசைக்கும் தசைக்குள் குடியேறிவிடும். அங்கே கொழுக்கட்டை மாதிரி குட்டையாகத் தடித்து, இரண்டு முறை சட்டை உரிக்கும்.

உரிக்கக் கத்தரிக்கோல் வேண்டாமா? அதுதான் நொதி. புரதத்தை நறுக்கும் 'கேத்தெப்சின் எல்' என்ற நொதியைப் புழுவே சுரக்கிறது. 2010-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள், யானைக்கால் நோய் தரும் புழுக்களில் ஒன்றான புரூகியா மலாயியை ஏடிஸ் கொசுவுக்குள் வளர்த்தார்கள். கொசுவுக்கு ஊசி போட்டு, உள்ளே இருந்த புழுவின் அந்த நொதி மரபணுவை அடக்கினார்கள். எவ்வளவு பொறுமையான கைகள் அவை! புழுக்கள் துவண்டு, வளர்ச்சி குன்றிப் போயின. கொசுவுக்குள்ளேயே நோயை மடக்க ஒரு வழி தெரிந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

செரிமானத்திலிருந்து தப்பித்த புழு இரண்டு வாரத்துக்குள் ஒன்றரை மில்லிமீட்டர் நீளத்துக்கு வளர்ந்து, கொசுவின் ஊசிமூக்குக்கு வந்துவிடும். கொசு அதை நேராக ரத்தத்தில் ஏற்றுவதில்லை. கடிக்கும்போது தோல்மேல் விழுந்து, குத்திய துளை வழியாக அதுவே ஊர்ந்து நுழைகிறது.