பத்துக்கு எத்தனை?

பிசியோதெரபி முதுகலை (எம்.பி.டி.) இரண்டாம் வருடம் வந்துவிட்டால் எங்கள் ஊர் மாணவருக்கு மனிதர்கள் கண்ணில் படமாட்டார்கள். ஸாம்பிள் மட்டும்தான் படும். "வா தம்பி, காபி சாப்பிடுறியா?" என்ற என் மாமியாரிடம், "கழுத்து வலி இருக்கா ஆன்ட்டி? பத்துக்கு எத்தனை போடுவீங்க?" என்றார். காபி ஆறிப்போனது.

பள்ளிப்பட்டு விசைத்தறிக்காரர்களின் கழுத்து, இடுப்பு வலிதான் ஆய்வுத் தலைப்பு. சொந்த ஊரிலேயே ஆட்கள் கிடைப்பார்கள், வீட்டுச் சாப்பாட்டோடு முடித்துவிடலாம் என்று கணக்கு. கையில் பத்து சென்டிமீட்டர் கோடு போட்ட தாள். இந்த முனை வலியே இல்லை, அந்த முனை தாங்கவே முடியாத வலி. நடுவில் எங்கேயாவது ஒரு குறி போட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அதைத் தறி ஓடும்போதுதான் வந்து கேட்பார்.

"வலிக்குதாம்மா?"

"வலிக்குது."

"பத்துக்கு எத்தனை?"

"நிறைய."

"நம்பரா சொல்லுங்கம்மா."

"நீயே ஏதாவது போட்டுக்கோப்பா, நூலு அறுந்திருக்கு பாரு."

அவரே போட்டால் 'பயாஸ்' ஆகிவிடுமாம். அதனால் நகரமாட்டார். தறிச் சத்தத்துக்கு மேலே மறுபடியும் "பத்துக்கு எத்தனை?" என்று கத்துவார். "பத்துக்கு எத்தனை குடுப்பே?" என்று அந்த அம்மாளும் கத்துவார், ஏதோ அரசாங்க நிவாரணம் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு.

இதில் பாஷை வேறு. இந்த ஊர் 1960 ஏப்ரல் 1-ல் ஆந்திராவிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. வீட்டுக்குள் பேசும் தெலுங்கு எங்கும் போகவில்லை. இவர் தமிழ்ப் படிவத்தை நீட்டினால், "நாக்கு ஒள்ளந்தா நொப்பே" என்று உடம்பு முழுவதையும் காட்டுகிறாள் ஒரு பாட்டி. இவர் வைத்திருப்பது தசை, மூட்டு வலிக்கான நார்டிக் கேள்வித்தாள்; 1987-ல் வந்த அது உடம்பை ஒன்பது இடமாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒன்பதிலும் டிக் அடித்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று ஆரம்பித்தார். பாட்டி எழுந்து போய்விட்டாள்.

பைக்கில் விழுந்து தோளில் பிளேட் வைத்த என் மாமாவிடம், "நீங்க எக்ஸ்க்ளூஷன் மாமா" என்று சொல்லி ஆய்விலிருந்து விலக்கிவிட்டார். "ஆயுசு பூரா தறி ஓட்டினவன் நான், எனக்கு இல்லாத வலியா?" என்று கோபித்துக்கொண்டு மாமா இன்னும் அவரிடம் பேசாமல் இருக்கிறார்.

கைடு போன் பண்ணினால் சாப்பாட்டு இலையிலிருந்தும் எழுந்து நின்று பேசுவார். ஆய்வின் புள்ளிவிவரக் கணக்கில் பி வேல்யூ 0.05-க்குக் கீழே வந்தால் திருத்தணி மலையின் 365 படியும் ஏறுவதாக வேண்டுதல். வந்தது, ஏறினார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தவரிடம் நான் விடுவேனா? பத்துக்கு எத்தனை என்றேன். "நடக்கும்போது ஆறு, உட்கார்ந்தா ரெண்டு" என்றார், கொஞ்சமும் சிரிக்காமல். அந்த நிமிடம் அவரைப் பிடித்துத்தான் போனது.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். தீசிஸ் பைண்டாகி, வைவா முடிந்து, பெயருக்குப் பின்னால் எழுத்தும் சேர்ந்துவிட்டது. கழுத்தைக் காட்டிய ஒருத்தருக்காவது முடிவு என்ன என்று யாராவது சொன்னார்களா? ஆய்வின் பலன் அதில் பங்கெடுத்தவர்களுக்கும் போய்ச் சேர வேண்டும் என்று ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகளே சொல்கின்றன. சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்க மூன்று தரம் வீடு தேடி வரத் தெரிந்தவருக்கு இதற்கு மட்டும் வழி தெரியவில்லையா? தறிக்காரர்கள் அதே தறி முன்னால் அதே கழுத்தோடு நிற்கிறார்கள். தம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்க. கோடு போட்ட தாள் வேண்டாம். கழுத்துக்கு நாலு பயிற்சி சொல்லிக் கொடுத்துவிட்டுப் போங்க. தெலுங்கில் சொல்ல நான் கூட வருகிறேன்.