சில்லுக்குப் பின்னால்

கே: உட்கார்ந்து எழுந்தால் முழங்கால் சில்லுக்குப் பின்னால் நறநறவென்கிறது. குருத்தெலும்பு தேய்ந்துவிட்டதாம். சில்லறைப் பிரச்சினைதானே?

ப: மாடிப்படி இறங்கும்போது உடம்பு எடையைப் போல மூன்று மடங்கு சுமையை அந்தச் சில்லுதான் தாங்குகிறது. இதுவா சில்லறை?

கே: பேர் மட்டும் குருத்து, ஏன் மறுபடி துளிர்ப்பதில்லை?

ப: ரத்தக் குழாயே கிடையாதே! தண்ணீர் பாயாத வயலில் என்ன துளிர்க்கும்? அழிந்தால் மீளாது என்று லண்டனில் வில்லியம் ஹன்டர் 1743-லேயே எழுதிவிட்டார். நரம்பும் இல்லை. அதனால்தான் தேய ஆரம்பிக்கும்போது வலி வந்து எச்சரிப்பதில்லை.

கே: அப்போ ஆபரேஷனில் ஒட்டுப் போட்டுவிடலாமா?

ப: ஒட்டு என்ன, நாற்றே விட்டு நடலாம்! ஸ்வீடனில் கோத்தன்பர்க் டாக்டர்கள் அதைத்தான் செய்தார்கள். மூட்டுக்குள் பாரம் விழாத ஓரத்தில் துளி குருத்தெலும்பைக் கிள்ளி எடுத்து, அதன் செல்களை ஆய்வகத்தில் பெருக்கினார்கள். குருத்தெலும்பு தேய்ந்து விழுந்த பள்ளத்தின் மேல் எலும்புறைச் சவ்வை வைத்துத் தைத்து, அடியில் செல்களைச் செலுத்தினார்கள். 1994-ல் முடிவு வெளிவந்தது. தொடையெலும்பில் செய்துகொண்ட 16 பேரில் 14 பேருக்கு நல்ல பலன். சில்லுக்குப் பின்னால் செய்துகொண்ட 7 பேரில் இருவருக்குத்தான்!

ஏன் இந்த வித்தியாசம்? காலை மடக்கி நீட்டும்போது சில்லு தான் ஓட வேண்டிய தடத்தை விட்டு விலகினால், புது நாற்றும் அரைபடும். தடத்தையும் சேர்த்துச் சரிசெய்த பிறகுதான் பலன் கூடியது. ஆகவே, "பள்ளத்தை எப்படி நிரப்புவீர்கள்?" என்று டாக்டரிடம் கேட்பதற்கு முன்னால், "என் சில்லு தடத்தில் ஓடுகிறதா?" என்று கேளுங்கள்.