நாலு பையன் வீட்டின் கணக்கு: ஒரு முதற்கட்ட ஆய்வு

நான்கு பையன்கள் இருக்கும் வீட்டில் நான்கு மடங்கு சத்தம் இருக்கும் என்பது அக்கம்பக்கத்தார் நெடுங்காலமாக நம்பிவரும் கொள்கை. ஒலியியல் இதை அடியோடு மறுக்கிறது. ஒருவன் போடும் சத்தத்தோடு அதே அளவு சத்தம் போடும் இன்னொருவன் சேர்ந்தால் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. ஒருவன் கத்துவது 80 டெசிபெல் என்று வைத்துக்கொண்டால், நால்வரும் சேர்ந்து கத்தினாலும் 86தான். மனிதக் காதுக்குச் சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபெல் கூட வேண்டும்; அதற்குப் பத்துப் பையன்கள் தேவை. ஆக, முதல் பையனின் கூச்சலுக்குத்தான் முழு விலை. மற்ற மூவருடையதும் பெரும்பாலும் தள்ளுபடியில் வருகிறது.

மகாபாரதத்தில் இதைப் பொருத்திப் பார்க்கலாம். துச்சளையைத் தனியே வைத்துவிட்டால் காந்தாரிக்கு நூறு பையன்கள். நூறு பேர் சேர்ந்து கத்தினால் 20 டெசிபெல் கூடுதல். காதுக்கு அது நான்கு மடங்கு, அவ்வளவே. அம்மையார் கண்ணைக் கட்டிக்கொண்டார். காதைக் கட்டிக்கொண்டதாக வியாசர் எங்கும் சொல்லவில்லை. காரணம் இப்போது விளங்கும்.

தொல்லை இப்படி மெதுவாக ஏறும்போது வேடிக்கை வேறொரு வாய்பாட்டில் ஏறுகிறது என்பதே இந்த ஆய்வின் கருதுகோள். வீட்டின் கலகலப்பை முடிவுசெய்வது தலைகளின் எண்ணிக்கை அல்ல, ஜோடிகளின் எண்ணிக்கை. ஒற்றைப் பையனுக்கு ஜோடி இல்லை. அவன் நாள் முழுக்க "அம்மா, போரடிக்குது" என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிவான். இருவர் என்றால் ஒரு ஜோடி, மூவர் என்றால் மூன்று, நால்வருக்கு ஆறு, ஐவருக்குப் பத்து. ஒவ்வொரு ஜோடிக்கும் தனி விளையாட்டு, தனி ரகசியம், தனிப் பகை. பெரியவனும் கடைக்குட்டியும் கட்டிலுக்கடியில் நடத்தும் பேச்சுவார்த்தை நடுவில் பிறந்த இருவருக்கும் பிடிபடுவதே இல்லை.

ஆறு ஜோடி என்றால் ஆறு சண்டை அல்லவா என்று ஓர் எதிர்வாதம் எழலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நால்வர் இருவர் இருவராக மோதினால் ஒரே நேரத்தில் இரண்டு சண்டைக்கு மேல் நடக்க வழியில்லை; மூன்றாவதற்கு ஆள் பற்றாது. தவிர, அம்மா ஒருவனை அதட்டிய மறு நொடியே நால்வரும் ஒரே கட்சியாகிவிடுவார்கள். அரசியலில் கூட்டணிக்கு மாதக்கணக்கில் பேச வேண்டியிருக்கிறது. இங்கே ஓர் அதட்டல் போதும்.

இனி இலக்கியச் சான்று. பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவங்கள். முதல் ஏழும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. கடைசி மூன்றில்தான் வழி பிரிகிறது. பெண்பாலுக்கு அம்மானை, ஊசல் என்று நளினமான ஆட்டங்கள். ஆண்பாலுக்கு நம் புலவர்கள் ஒதுக்கியவை சிற்றில், சிறுபறை, சிறுதேர். அதாவது, பிறர் கட்டிய மணல்வீட்டை இடிப்பது, கையில் கிடைத்ததைத் தட்டுவது, சக்கரம் வைத்த எதையாவது இழுத்துக்கொண்டு ஓடுவது. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன் மீது பாடினார். 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் வைத்தீசுவரன்கோயில் முருகன் மீது பாடினார். இடிப்பும் சத்தமும் வண்டியும் இலக்கண அங்கீகாரத்தோடுதான் நம் வீட்டுக்குள் வந்திருக்கின்றன. அடுக்கிய டப்பாக்கள் சரிவதும், எவர்சில்வர் தட்டு கரண்டியால் அடி வாங்குவதும், சக்கரம் போன கார் சோபாவுக்கடியிலிருந்து கிடைப்பதும் மரபு மீறல் அல்ல. சோழனுக்குப் புகழ், நம் பையனுக்குத் திட்டு என்பது பாரபட்சம்.

இடிப்பு, சத்தம், வண்டி என்ற இந்த வரிசையின் பயன் தமிழகத்தோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் மில்டன் ரைட் என்ற பாதிரியார் வீட்டில் நான்கு பையன்கள், ஒரு பெண். 1878இல் அவர் ரப்பர் முறுக்கில் பறக்கும் ஒரு பொம்மையை வாங்கி வந்தார். பையன்களில் வில்பருக்கு அப்போது வயது 11, ஆர்வில்லுக்கு 7. உடையும்வரை விளையாடினார்கள், உடைந்ததும் தாங்களே வேறு செய்தார்கள். 1903இல் அந்த இருவரும் செய்த எந்திரம் ஆளோடு பறந்தது. பொம்மையை அலமாரி மேல் பத்திரமாக எடுத்து வைக்கும் பெற்றோர் இதைக் கவனிக்கலாம்.

சாப்பாட்டில்தான் ஆய்வு கடினமாகிறது. ஒரு கேக்கை யாருக்கும் பொறாமை வராமல் பங்கிடுவது கணிதத்தில் பெரிய சிக்கல். இருவர் என்றால் எளிது: ஒருவன் வெட்ட வேண்டும், மற்றவன் முதலில் எடுக்க வேண்டும். மூவருக்கு 1960 வாக்கில் செல்ஃப்ரிட்ஜும் கான்வேயும் தனித்தனியே வழி கண்டார்கள். எத்தனை பேருக்கும் பொருந்தும் முறையை பிராம்ஸ், டெய்லர் இருவரும் 1995இல் வெளியிட்டார்கள். எத்தனை வெட்டில் முடியும் என்று மட்டும் உறுதி சொல்ல முடியவில்லை. 2016இல் அசீஸ், மெக்கன்சி இருவரும் அதற்கும் ஒரு வரம்பு கொடுத்தார்கள். அந்தப் பொது வரம்பை நால்வருக்குப் போட்டுப் பார்த்தால் வரும் எண்ணை எழுதி முடிக்க உலகத்துத் தாள் அத்தனையும் போதாது.

தமிழ்நாட்டு அடுக்களையில் இதற்கு ஒரே வாக்கியம்: "வெட்டுறவன் கடைசியா எடுக்கணும்." கணிதம் இதை முழுத் தீர்வாக ஏற்காது, பையன்கள் ஏற்கிறார்கள். கத்தி பிடித்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டு கோடு பார்ப்பதும், மற்ற மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்ப்பதும் எந்த மேடை நாடகத்துக்கும் குறைந்ததல்ல. மாம்பழத்தில் மட்டும் இந்த விதி செல்லாது. கதுப்பை எத்தனை கீற்றாகவும் போடலாம், கொட்டை ஒன்றுதான். அதற்கு முறை வைத்தே ஆக வேண்டும். ஏழாம் வாய்பாட்டை மறந்துபோகும் பையன், போன செவ்வாய்க்கிழமை கொட்டை யாருக்குப் போனது என்பதை மறப்பதில்லை.

உடைத்துறை பற்றிச் சிறு குறிப்பு. "வளர்ற பையன்" என்ற கோட்பாட்டின்படி மூத்தவனுக்கு எப்போதும் ஒரு சைஸ் பெரிதாகவே எடுக்கப்படுகிறது. தீபாவளிக்கு ஒரே துணியில் நால்வருக்கும் சட்டை தைக்கும் வழக்கமுள்ள வீட்டில் இதன் முழு விளைவும் கடைக்குட்டி தலையில் விடிகிறது. தன் சட்டை சிறுத்ததும் அவனுக்கு வருவது மூன்றாமவனின் அதே கட்டம் போட்ட சட்டை, அதன் பிறகு இரண்டாமவனுடையது, பிறகு மூத்தவனுடையது. குடும்ப ஆல்பத்தில் ஆண்டுதோறும் அவன் உயரமாகிக்கொண்டே போவான், சட்டை மட்டும் மாறாது. இதை அவன் குறையாகச் சொல்வது கல்யாணத்துக்குப் பிறகுதான், அதுவும் மனைவியிடம் சிரித்துக்கொண்டே.

தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். நாலு பையன் வீடு அரிதாகிவருகிறது. கள ஆய்வு செய்ய நினைப்பவர்கள் சீக்கிரம் கிளம்ப வேண்டும். பேருந்திலோ கல்யாண மண்டபத்திலோ அப்படி ஓர் அம்மாவைக் கண்டால் "நாலும் பையனா? ஒரு பொண்ணு பொறந்திருக்கக் கூடாதா" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள், அதை ஏழெட்டுப் பேர் சொல்லி அவர் காலையிலிருந்தே கேட்டிருப்பார். பேருந்தானால் ஜன்னலோரத்தை விட்டுக்கொடுங்கள். அதற்கு எப்படியும் நான்கு பேர் போட்டியிடுவார்கள், நீங்களும் வேடிக்கை பார்க்கலாம்.