ஆறு மில்லிமீட்டருக்கு ஒரு சலாம்

துவிச்சக்கர வண்டிப் பாகங்களின் அளவுகளைத் தீர்மானிக்கும் மேன்மைதங்கிய பெரியோர்களின் சமூகத்துக்கு,

கல்முனைக்கு வடக்கே மருதமுனையிலிருந்து எழுதிக்கொள்வது. உங்கள் வாசலில் பெயர்ப்பலகை இல்லாததால் இக்கடிதத்தை எந்த விலாசத்துக்கு அனுப்புவதென்று தெரியவில்லை. அப்படியொரு சபையே உலகத்தில் இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். நான் நம்ப மாட்டேன். கூடிப் பேசாமல் இவ்வளவு ஒழுங்காக, ஒன்றுக்கொன்று பொருந்தாத சாமான்களை எப்படிச் செய்ய முடியும்?

போன சனிக்கிழமை காலை, கட்டாரிலிருந்து மச்சான் ஆளிடம் கொடுத்தனுப்பிய புதுப் பின்சில்லைக் கையில் தூக்கிக்கொண்டு, சில்லில்லாத சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனேன். மாப்பிள்ளை போகும் நடை. கடைக்காரக் காக்கா சில்லை வாங்கி பிரேமில் வைத்தார். போகவில்லை. திருப்பி வைத்தார். அப்படியும் போகவில்லை. மேசை லாச்சியைத் திறந்து பள்ளிக்கூடத்து அடிமட்டம் ஒன்றை எடுத்து இரண்டையும் அளந்தார்.

"சேர், பிரேம் நூற்றி நாப்பத்திரெண்டு. சில்லு நூற்றி நாப்பத்தெட்டு."

ஆறு மில்லிமீட்டர்.

"கொஞ்சம் விரிச்சு உடட்டா சேர்?" என்று கேட்டார் பாவம். லுமாலா சைக்கிளின் இரும்புச் சட்டமென்றால் முழங்காலை வைத்து ஒரு இழுவையில் விரித்திருப்பார். "அலுமினியம் காக்கா, வெடிச்சிரும்" என்றேன். பஞ்சர் ஒட்டக் காத்திருந்த மீன்காரர், பெட்டி கட்டிய தன் லுமாலாவில் சாய்ந்துகொண்டு, "மலைக்கு ஓடுற சைக்கிளாமே, மல எங்க சேர் இரிக்கி நம்மட ஊர்ல?" என்றார். சனம் சிரித்தது. சைக்கிளையும் சில்லையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வழியில் என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர். "சேர்ட சைக்கிள் மௌத்தாப் போச்சா?"

பெரியோர்களே, அந்த ஆறு மில்லிமீட்டரின் அருமையை அறியாதவனல்ல நான். 2015 வாக்கில் நீங்கள் பின்சில்லின் ஹப்பை 142இலிருந்து 148க்கு அகலமாக்கினீர்கள். பக்கத்துக்கு மூன்று. ஸ்போக் பிடிக்கும் விளிம்புகள் விலகி நிற்கும், 29 அங்குலச் சில்லு பாறை வளைவில் நெளியாது, விறைப்பாக நிற்கும் என்றீர்கள். நியாயம்தான். எங்கள் ஊரில் பாறை வளைவுக்குக் கிட்ட வருவது பள்ளிவாசல் முன்னாலுள்ள வேகத்தடை ஒன்று. மலை பார்க்கவேண்டுமானால் ஏ4 வீதியில் பொத்துவில் கடந்து, சியம்பலாண்டுவையும் தாண்டி மொனராகலைப் பக்கம் போகவேண்டும். அதுவரை நெளியாத சில்லு எனக்கு அவசரமில்லை.

உங்கள் தந்திரத்தில் நான் விழுந்தது எப்படி என்பதையும் பாராட்டாகவே சொல்கிறேன். பழைய அச்சின் தடிப்பு 12 மில்லிமீட்டர், புதியதும் 12. மச்சானுக்கு நான் வாட்ஸ்அப்பில் அனுப்பியது அந்தப் பன்னிரண்டை. தடிப்பை மாற்றாமல் அகலத்தை மட்டும் மாற்றுவதற்கு ஒரு மூளை வேண்டும். ஒடுக்கமான சில்லை அகலமான பிரேமுக்குள் வளையம் போட்டுச் சமாளிக்கலாம். அகலமானதை ஒடுக்கத்துக்குள் அடக்கும் வளையத்தை இன்னும் ஒருவரும் செய்யவில்லை. 148ஓடு உங்கள் ஆசை அடங்கவில்லை, 157 என்றும் ஒன்று இருக்கிறதாம். அது ஒன்றரை ஆறு கூட. பொறுமையாக இருக்கிறோம்.

ஆறு மில்லிமீட்டர் எவ்வளவு பெரியது என்பது எங்களுக்குத் தெரியாததா? இது கல்முனை. எல்லையை எங்கே போடுவது என்பதில் நாங்கள் யாருக்கும் சளைத்தவர்களில்லை. 2020 பெப்ரவரியில் கல்முனையிலிருந்து பிரித்துச் சாய்ந்தமருதுக்குத் தனி நகரசபை என்று வர்த்தமானி வந்தது. மாதம் முடியுமுன் அதை நிறுத்தியும் வைத்தார்கள். அன்றைக்கு உங்களில் ஒருவரை அனுப்பியிருந்தால் இரண்டு ஊருக்கும் நடுவில் ஆறு மில்லிமீட்டரைச் செருகி, எவருக்கும் பொருந்தாமல் முடித்துத் தந்திருப்பீர்கள்.

இன்னொரு சந்தேகம். 29 அங்குலம் என்று நீங்கள் விற்கும் சில்லில் டயர் உட்காரும் விட்டம் 622 மில்லிமீட்டர். வாப்பாவின் பழைய 28 அங்குலச் சைக்கிளில் அது 635. இருபத்தெட்டு இருபத்தொன்பதை விடப் பெரியது! நான் கணிதம் படிப்பிப்பவன். இதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வதென்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் உதவியாக இருக்கும். ஆறு மில்லிமீட்டர் கூடக் குறைய இருந்தாலும் பரவாயில்லை.

இந்த மலைச் சைக்கிளை நான் பகட்டுக்கு வாங்கவில்லை. 2022 ஜூலையில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் பெற்றோல்தான். அதற்கும் கியூஆர் காட்டவேண்டியிருந்தது. ஜப்பானில் ஓடித் தேய்ந்து வந்த இந்த வண்டியைக் கேட்ட விலைக்கு வாங்கினேன். அப்போது சைக்கிள்காரன் சொன்னதே விலை. வாங்கும்போது கடைக்காரர், "இதுல கியூஆர் இல்ல சேர், த்ரூ அக்சில்" என்றார். நெம்பைத் தட்டிச் சில்லைக் கழற்றும் அச்சுக்கும் கியூஆர் என்றுதான் பெயர் என்பது தெரியாமல், கியூஆர் இல்லாத ஒன்றாவது நாட்டில் கிடைத்ததே என்று அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். மூன்று வருசம் உப்புக்காற்றும் கடற்கரை மணலும் தின்று ஹப்பின் பேரிங் உறுமத் தொடங்கியது. அதே 142இல் ஒன்று தேடினேன். கிடைப்பதெல்லாம் பாவித்தது, அல்லது 148. கசெட் பூட்டும் இடத்துக்கும் நீங்கள் இரண்டு மூன்று பற்கணக்கு வைத்திருக்கிறீர்கள், அதைப் பற்றி எழுதினால் இரத்த அழுத்தம் கூடும்.

எரிகிறது எனக்கு. ஓட்டை உடைசல் இல்லாத ஒரு பிரேம், ஏழெட்டு வருசம் இன்னும் ஓடக்கூடியது, நீங்கள் ஒரு அளவை நிறுத்திவிட்டதால் பழைய இரும்பாகிறது. டொலர் இருநூறிலிருந்து முந்நூற்றறுபதுக்குப் போன வருசத்தில் வாங்கியது அது. என் மகளின் டியூசன் காசை ஒத்திவைத்து எடுத்த சில்லு இது. உங்களில் எவனாவது ஒருவன் சம்பளத்தை எண்ணிப் பார்த்து ஒரு நட்டு வாங்கியிருக்கிறானா?

மன்னிக்கவேண்டும். வெயில். உங்கள் பெருமையைப் பற்றியல்லவா சொல்லிக்கொண்டிருந்தேன்.

மலைச் சைக்கிள் பிறந்த கதையையும் படித்தேன். 1970களில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில், குப்பையில் கிடந்த பழைய தடித்த டயர்ச் சைக்கிள்களைப் பொறுக்கி, கிடைத்த பாகத்தைக் கிடைத்த இடத்தில் பூட்டி மலையிலிருந்து இறங்கினார்களாம். ஒவ்வொரு இறக்கத்திலும் பின்பிறேக்கின் கிறீஸ் எரிந்துபோய் மறுபடி நிரப்பவேண்டியிருந்ததால், 1976இல் தொடங்கிய பந்தயத்துக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது. எங்கள் காக்காவை அங்கே அனுப்பியிருந்தால் அவர்களில் ஒருவராகவே இருந்திருப்பார். இப்போது வந்தால் அவர்களும் அவரைப் போலவே அடிமட்டத்தோடு நிற்பார்கள்.

இந்தச் சில்லை விட்டால் வேறு என்ன மாற்றலாம் என்று காக்காவிடம் கேட்டேன். "நல்ல டயர் ரெண்டு போடுங்க, காத்தைக் கொஞ்சம் குறைங்க, மணல்ல புதையாது. பிறேக் கட்டையப் பாருங்க. செயினுக்கு ரெண்டு நாளைக்கு ஒருக்கா எண்ணெய். மத்ததெல்லாம் மறுகா பாப்பம்." கூலி வாங்கவில்லை.

இப்போதைக்கு வாப்பாவின் லுமாலாவில் பள்ளிக்கூடம் போய்வருகிறேன். அதன் சாமான் இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும்.

இப்படிக்கு,
தங்கள் ஆறு மில்லிமீட்டருக்கு வெளியே நிற்கும்
ஒரு கணித ஆசிரியன்

பி.கு.: புதுச் சில்லு வீணாகவில்லை. பக்கத்து வீட்டு நெசவுக்காரர் வந்து பார்த்து, தார் சுற்ற நல்லாயிருக்கும் என்று கேட்டு வாங்கிப்போனார். அவருடைய மரச்சட்டத்திலும் அது முதலில் போகவில்லை. ஒரு பக்கத்துக் கட்டையைச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டித் தள்ளிவைத்தார். போய்விட்டது. சாறன் நூல் சுற்றிக்கொண்டிருக்கிறது.