ஏழை எட்டாக்குங்கள்

பெறுநர்:
ஆட்ட விதிக்குழுவினர்,
வெக்ஸ் ரோபாட்டிக்ஸ் போட்டி, டெக்சாஸ்.

பொருள்: 0.222 மில்லிமீட்டர் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

ஒரகடம் சிப்காட்டில் ஒரு மோல்டிங் கம்பெனியில் தரம் பார்க்கிறவன் நான். கையில் வெர்னியர் இல்லாவிட்டால் சோறு இறங்காது. அதனால் உங்கள் விதிப் புத்தகத்தை நாவல்போலப் படித்தேன்.

பள்ளிப் பிள்ளைகள் ரோபோவில் வெட்டிப் பொருத்தும் பிளாஸ்டிக் 12 துண்டுகளைத் தாண்டக் கூடாது. ஒவ்வொன்றும் 4க்கு 8 அங்குலத்துக்குள் அடங்க வேண்டும் என்கிறீர்கள். பன்னிரண்டையும் பரப்பினால் ஏறக்குறைய நான்கு ஏ4 தாள். அக்ரிலிக் ஆகாது. நியாயம்தான், அடிபட்டால் சில்லாகத் தெறிக்கும். பாலிகார்பனேட், பாலிபுரொப்பிலீன், ஏபிஎஸ், நைலான் ஆகலாம். அதற்கு எங்கள் ஊரில் பஞ்சமா? இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998இல் சான்ட்ரோ கார் வெளிவந்த நாள்முதல், முகப்பு விளக்குக்குப் பாலிகார்பனேட், பம்பருக்குப் பாலிபுரொப்பிலீன் என்று லாரி லாரியாக எங்கள் பிள்ளைகளின் சைக்கிளை உரசிக்கொண்டு போகிறது.

சிக்கல் தடிமனில். 0.070 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்று எழுதிவிட்டீர்கள். அதாவது 1.778 மில்லிமீட்டர். எங்கள் கடையில் தகடு 1.5 இருக்கும், 2 இருக்கும். 1.778 கேட்டால் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்ப்பார். 2 வாங்கினால் 0.222 கூடுதல், காகிதம் இரண்டு தாள் அளவு, ரோபோ வெளியே. 1.5 வாங்கினால் ரோபோ உள்ளே, ஆனால் தகடு வளையும். விறைப்பு தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. கணக்குப் போட்டேன்: உங்கள் வரம்பின் விறைப்பில் எங்கள் 1.5 தருவது 60 விழுக்காடுதான். எல்லோருக்கும் ஒரே விதி என்பது இதுதான்போலும்.

எங்கள் நிலைமையையும் பாருங்கள். ஒன்றிய அரசு 120 மைக்ரானுக்கு மெல்லிய பிளாஸ்டிக் பை கூடாது என்கிறது. தமிழ்நாட்டு அரசு 2019 ஜனவரி 1 முதல் எந்தத் தடிமனிலும் பை கூடாது என்கிறது. நீங்கள் தடித்த தகடு கூடாது என்கிறீர்கள். பிள்ளை மஞ்சப்பையில் தகட்டை வைத்துக்கொண்டு யாருக்குப் பயப்படுவது என்று நிற்கிறது.

முப்பரிமாண அச்சில் எடுத்த பாகம், வேலை செய்தால் தடை. அலங்காரமாகச் சும்மா இருந்தால் அனுமதி. இந்த விதியை எங்கள் பக்கத்துச் சில அலுவலகங்கள் உங்களுக்கு முன்பே கடைப்பிடிக்கின்றன. கல்லூரிக்குப் போய்விட்டால் அதே பாகத்தை அச்சடித்து ஓட்டலாமாம். பிளஸ் டூ முடித்ததும் பிளாஸ்டிக்குக்கும் வயது வந்துவிடுகிறது.

விதியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பணமுள்ள பள்ளி முழு ரோபோவையும் பிளாஸ்டிக்கில் வார்த்துக் கொண்டுவராமல் தடுப்பதும் அதுதான். முன்பு 12க்கு 24 அங்குலத்தில் ஒரே தகடு என்றிருந்தது, பிறகு 12 துண்டுகளானது. ஆக, உங்கள் விதி கல்வெட்டு இல்லை.

எனவே ஒரே ஒரு திருத்தம் கேட்கிறேன். 0.070ஐ 0.080 ஆக்குங்கள். அது 2.032 மில்லிமீட்டர். எங்கள் தகடு உள்ளே நுழைந்து, மூச்சுவிட 0.032 மிச்சமும் இருக்கும். ஏழை எட்டாக்கினால் போதும்.

ஏழை என்று நான் எண்ணைத்தான் சொல்கிறேன், ஐயா.

இப்படிக்கு,
வெர்னியர் பிடிக்கும் ஒருவன்,
ஒரகடம்.